ஒருவரைத் தவிர

பெண்கள் விடுதி, அலபாமா
1960 ஏப்ரல் 9

அன்புள்ள வெர்டெல்,

நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? கிளீவ்லாந்தில் இன்னும் பனி விழுகிறதாமே, அந்த மெல்லிய கோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய்? சளி பிடித்தால் உடனே மருந்து வாங்கிச் சாப்பிடு. தானாகப் போய்விடும் என்று வழக்கம்போல் விட்டுவிடாதே.

உன் கட்டிலை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. வார்டன் மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்தி வைத்திருக்கிறாள். காலையில் கண் விழித்ததும் யாரோ நிற்கிறார்கள் என்று இரண்டு நாள் பயந்துபோனேன். நீங்கள் ஒன்பது பேரும் போன பிறகு சாப்பாட்டுக் கூடத்தில்கூடச் சத்தம் இல்லை. ஊர்க் கடையில் வெள்ளைக்காரர்கள் மட்டும் உட்காரும் மேசையில் கறுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்து ஒரு காப்பி கேட்டதற்குக் கல்லூரியை விட்டே துரத்துவார்கள் என்று யார் நினைத்தோம்? அதுவும் பட்டம் வாங்கப் பத்து வாரம் இருக்கும்போது.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். எப்படி எழுதுவது என்று மூன்று நாளாகத் தெரியவில்லை. பிரின்சிபால் ட்ரிப்லெட் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உக்காரும்மா கோரின். பாக்கின்ஸ் பொண்ணு பேரை எடுத்தாச்சு. மார்க் வரிசையில அடுத்தது நீதான். பட்டமளிப்பு விழாவுல மாணவர் உரையை நீ பேசணும்" என்றார்.

"சார், அது வெர்டெல் பேச வேண்டியதாச்சே" என்றேன்.

"வேண்டியதா இருந்துச்சு. இப்ப இல்ல. போய் எழுத ஆரம்பி."

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும், எனக்குத் தெரியும். வாய் வரவில்லை. என்னைத் திட்டு, ஆனால் பதில் போடு. என்ன பேசுவது என்றே எனக்குத் தெரியவில்லை. நீ பக்கத்தில் இல்லாமல் நான் எந்தப் பரீட்சைக்குப் படித்திருக்கிறேன், சொல்.

ஊரில் மாமாவுக்கு இருமல் குறைந்திருக்கிறதாம். அம்மா எழுதியிருந்தாள்.

உன் பதிலுக்கு வழி பார்க்கும்,
கோரின்


கிளீவ்லாந்து
1960 ஏப்ரல் 18

மார்க் வரிசையில் அடுத்தவளே, என் அத்தை மகளே,

எனக்குச் சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவளுக்குக் குளிர் எங்கிருந்து வரும்? நாள் முழுக்க ஆவியில் வெந்துகொண்டிருக்கிறேன். மேஸ்திரி முதல் நாள் "எவ்வளவு படிச்சிருக்கே?" என்று கேட்டார். "பட்டத்துக்குப் பத்து வாரம் கம்மி" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். இப்போது எல்லாரும் என்னைப் 'பத்து வாரம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீட்டுக்காரம்மா திருமதி காகின்ஸ் நல்லவள். குறட்டைதான் ரயில் போகிற மாதிரி.

உன்னை எதற்குத் திட்ட வேண்டும்? அன்றைக்கு நீயும் கடைக்கு வருகிறேன் என்றாய். வீட்டுக்கு ஒருத்தி போதும் என்று உன்னை நிறுத்தியது நான்தான். யாராவது பேசத்தான் போகிறார்கள். அது நீயாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான், முட்டாளே.

உன் அலமாரியின் மேல்தட்டில் என் பழைய நோட்டுகளுக்கு அடியில் ஒரு நீல நோட்டு இருக்கும். ஜனவரியிலேயே பேச்சை எழுதி முடித்துவிட்டேன். முதல் மார்க் எனக்குத்தான் என்று அவ்வளவு திமிர்! எடுத்துக்கொள். முழுப் பேச்சும் உனக்கு. ஒரே ஓர் இடம் மட்டும் எனக்கு வேண்டும்.

கடைசியில் ஆசிரியர்கள், சமையற்காரர்கள், பெற்றோர் எல்லாருக்கும் நன்றி சொல்லும் பகுதி வரும். அதை முடித்துவிட்டு இப்படிச் சொல்: "நன்றி சொல்ல வேண்டிய எல்லாருக்கும் சொல்லிவிட்டேன், ஒருவரைத் தவிர. இந்த மேடையில் நிற்க வேண்டியவள் வெர்டெல் பாக்கின்ஸ். அவள் பெயரைச் சொல்லாமல் நான் இறங்க மாட்டேன்."

ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன். இங்கே ஒரு கல்லூரியில் மீதிப் படிப்பை முடிக்கலாம் என்று என் மார்க் பட்டியலைக் கேட்டு எழுதினேன். அந்தப் பெயரில் ஒரு மாணவி எங்களிடம் இல்லை என்று நம் கல்லூரியிலிருந்து பதில் வந்திருக்கிறது. நான்கு வருஷம், கோரின். அங்கே நான் இருந்ததாக ஓர் இடத்திலும் எழுத்து இல்லை. விழா நடக்கும் அந்தக் கல்லூரி ஆலயத்தில் ஒரே ஒரு தடவை என் பெயர் கேட்கட்டும். அப்பா அதை உட்கார்ந்து கேட்கட்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடு. கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உன்
வெர்டெல்


பெண்கள் விடுதி
1960 ஏப்ரல் 30

அன்புள்ள வெர்டெல்,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு மேடையை நினைத்தால்தான் பயம். மற்றபடி குறையில்லை.

நோட்டு கிடைத்தது. படித்துவிட்டு உன் மெத்தையைக் கட்டிக்கொண்டு அழுதேன். இவ்வளவு நன்றாக எழுத எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. இப்போது நெட்டுருப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ் ஆஸ்பரியைப் பற்றி உனக்குத் தெரியுமே, ஆலயத்து மேடையில் காகிதத்தோடு யாரும் ஏறக் கூடாது. தினமும் நாலு மணிக்கு என்னை மேடையில் நிறுத்தி, அவள் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறாள்.

"வாயைத் தொறந்து பேசுடி. கோழி முட்டை போடுற மாதிரி முனகுறியே! உன் மாமன் மக பேசுனா ரோட்டுல போறவனுக்குக் கேக்குமே" என்று நேற்று ஒரே திட்டு.

வியாழக்கிழமை பிரின்சிபால் வந்து நீலப் பென்சிலோடு உட்கார்ந்தார். நீ எழுதிய இடத்துக்கு வந்தேன். கையைத் தூக்கி நிறுத்தினார். காகிதத்தில் கோடு போடும் சத்தம் மேடைவரைக்கும் கேட்டது. "இது வேண்டாம்மா. கவர்னர் ஆபீஸ்லேருந்து ஆள் வர்றாங்க. நிர்வாகக் குழு முன்வரிசையில இருக்கும். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். நான் "சரிங்க சார்" என்றேன்.

நீ கவலைப்படாதே. அவர் கோடு போட்டது காகிதத்தில்தானே? விழா அன்றைக்குக் கையில் காகிதம் இருக்காது. மனப்பாடம் செய்துகொண்டு மேடையில் நிற்கிறவள் வாயை யார் வந்து பொத்த முடியும்? சொல்வேன். பைபிள்மேல் கை வைத்து எழுதுகிறேன். மாமாவைக் கட்டாயம் வரச் சொல்.

அன்புடன்,
கோரின்


கிளீவ்லாந்து
1960 மே 6

அன்புள்ள அப்பா,

உங்கள் இருமல் இப்போது எப்படி இருக்கிறது? மரம் அறுக்கும் ஆலையில் தூளுக்குள் நிற்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள் என்றால் கேட்கிறீர்களா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன்.

ஜூன் ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பட்டமளிப்பு விழா. நீங்கள் போக வேண்டும். துரத்திவிட்ட இடத்துக்கு நான் எதற்கு என்று கேட்பீர்கள். கோரின் பேசுகிறாள், அதற்காகப் போங்கள். இன்னொரு காரணமும் உண்டு. பேச்சின் முடிவில் அவள் என் பெயரைச் சொல்லப் போகிறாள். அத்தையிடம்கூடச் சொல்லாதீர்கள், வெளியே போய்விடும். "எல்லாருக்கும் சொல்லிவிட்டேன், ஒருவரைத் தவிர" என்பாள். அடுத்து வருவது நான்தான். அந்த இடத்தை இந்தக் காகிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் எங்கேயாவது உட்காருங்கள். தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாதீர்கள். எப்படி இருந்தது என்று எனக்கு விவரமாக எழுத வேண்டும், இரண்டு வரியில் முடிக்கக் கூடாது.

உங்கள் மகள்,
வெர்டெல்


1960 மே 15

மகள் வெர்டெலுக்கு அப்பா எழுதுவது.

இருமல் இருக்கிறது, நானும் இருக்கிறேன். கர்த்தர் உன்னைக் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும்.

போகிறேன். சாம்பல் நிறக் கோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன், உன் அம்மாவின் அடக்கத்துக்குத் தைத்தது. வயிற்றில் பிடித்தது. ஹாட்டி பொத்தானை நகர்த்தித் தைத்துக் கொடுத்தாள். "அண்ணே, என் மக பேசறதுக்கு நீ மாப்பிள்ளை மாதிரி கெளம்புறியே" என்று கேலி செய்தாள். அவளிடம் நான் வாய் திறக்கவில்லை.

முடிவெட்டும் கடையில் ஒருவன் கேட்டான், "உம்ம பொண்ணைத்தான் வெளியே தள்ளிட்டாங்களே, வெக்கமில்லாம அங்க எதுக்குப் போறீரு?" என்று. "என் தங்கச்சி மக பேசுறா, போறேன். ஒனக்கு என்ன வலிக்குது?" என்றேன். முடியைக் கோணலாக வெட்டிவிட்டான்.

நீ அனுப்பிய வரியைப் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். மரம் அடுக்கும்போது வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன். நான்கு வருஷத்துக்கு முன் உங்கள் இரண்டு பேரையும் ஒரே லாரியில் கொண்டுவந்து அந்த வாசலில் இறக்கினேன். ஒருத்திக்குப் பட்டம் வரும். இன்னொருத்திக்குப் பெயராவது வரட்டும்.

அப்பா


பெண்கள் விடுதி
1960 மே 24

அன்புள்ள வெர்டெல்,

உன் உடம்பு நன்றாக இருக்கிறதா? எனக்கு எடை குறைந்துவிட்டது. வெள்ளை உடுப்பு இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது. அம்மா புதுச் செருப்பு அனுப்பியிருக்கிறாள், குதிகாலில் கடிக்கிறது.

விழா நிகழ்ச்சி நிரலைப் பிப்ரவரியிலேயே அச்சடித்துவிட்டார்களாம், அறுநூறு பிரதி. மறுபடி அச்சடிக்க மனமில்லை. நேற்று மதியம் எங்களை எல்லாம் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு பேனாவும் மைப்புட்டியும் கொடுத்து, ஒன்பது பெயரையும் மைதீட்டி மறைக்கச் சொன்னார்கள். நானும் உட்கார்ந்தேன். உட்காராமல் இருந்தால் கேள்வி வரும் இல்லையா? எவ்வளவு தீட்டினாலும் வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து தெரிகிறது. முதல் பக்கத்தில் 'மாணவர் உரை' என்ற இடத்தில் உன் பெயருக்கு மேலே என் பெயரை வெட்டி ஒட்டினார்கள்.

வெர்டெல், ஒன்று கேட்கட்டுமா? பெயருக்குப் பதிலாக, "இங்கே இல்லாத ஒரு தோழி" என்று சொன்னால் என்ன? எல்லாருக்கும் புரியும். நம்மவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கவர்னர் ஆபீஸ் ஆளுக்கு மட்டும் புரியாது. இன்னும் அழகாகக்கூட இருக்கும் என்று தோன்றுகிறது. யோசித்து எழுது.

அன்புடன்,
கோரின்


கிளீவ்லாந்து
1960 மே 28

கோரின்,

நலம். நீ சாப்பிடு.

தோழி வேண்டாம். அழகும் வேண்டாம். தோழி யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். நீ மைதீட்டிய பெயரைத்தான் கேட்கிறேன். அப்பா கோட்டுப் பொத்தானை நகர்த்தித் தைத்துக்கொண்டு வருகிறார், தோழியைக் கேட்க அல்ல.

முடியாது என்றால் தந்தி கொடு. அவரைப் போக வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். தந்தி வராவிட்டால் சொல்கிறாய் என்று எடுத்துக்கொள்வேன்.

வெர்டெல்


1960 ஜூன் 7

அன்புள்ள வெர்டெல்,

நீ சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்துவிட்டேன், உடம்பு அலுப்பாக இருக்கிறது.

விழா முடிந்தது. அப்படி ஒரு வெயில். ஆலயத்தில் எல்லாரும் அட்டை விசிறியை ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். முன்னால் இரண்டு வரிசையில் கயிறு கட்டி நிர்வாகக் குழுக்காரர்களையும் அவர்கள் மனைவிமாரையும் உட்காரவைத்திருந்தார்கள். ஒரு அம்மாள் தொப்பியில் செர்ரிப் பழம் வைத்திருந்தாள். பாட்டுக் குழு இரண்டு பாட்டுப் பாடியது. மிஸ் ஆஸ்பரி திரைக்குப் பக்கத்தில் நின்று என்னோடு சேர்ந்து வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தையில்கூட நான் தடுமாறவில்லை. உன் பேச்சு அவ்வளவு நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். அதாவது பேச்சு நன்றாக இருந்தது என்றார்கள்.

சொன்னேன். நீ எழுதியபடியே சொன்னேன். மண்டபம் அப்படியே மூச்சடங்கிப் போயிற்று. ஒருவரும் அசையவில்லை, கைதட்டவும் இல்லை. பிறகு நான் இறங்கி வந்துவிட்டேன். அவ்வளவுதான்.

மாமாவைக் கூட்டத்தில் என்னால் பார்க்க முடியவில்லை. முடிந்ததும் தேடினேன், அதற்குள் கிளம்பிவிட்டார் போலிருக்கிறது.

செப்டம்பரிலிருந்து கவுண்டி அரசாங்கம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆசிரியை வேலை. பிரின்சிபால்தான் சிபாரிசு எழுதிக் கொடுத்தார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. இனி நீ நிம்மதியாக இரு.

கோரின்


1960 ஜூன் 9

மகள் வெர்டெலுக்கு,

கர்த்தர் கிருபையில் இருக்கிறேன். நீயும் அப்படியே இரு.

இரண்டு வரியில் முடிக்காதே என்றாய். எழுதப் பார்க்கிறேன். ஐந்தாவது வரிசையில் நடுவில் உட்கார்ந்தேன். கோரின் மேடையில் ஏறியதும் நேராக என்னைத்தான் பார்த்தாள். நன்றாகப் பேசினாள். உன் வார்த்தைகள் எவை என்று எனக்குத் தெரிந்தது. சமையற்காரர்களுக்கு நன்றி சொன்னபோது பின்னால் யாரோ அழுதார்கள்.

அந்த இடம் வந்தது. நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு கேட்கத் தோன்றவில்லை. பின்னால் ஆமென் என்று சத்தம் கேட்டது. பிறகு ஒவ்வொரு வரிசையாக எல்லாரும் எழுந்தார்கள். முன்னால் கயிற்றுக்குள் இருந்த வெள்ளைக்காரர்களும் எழுந்தார்கள். கைதட்டினார்கள். நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

ஐந்து மணி பஸ்ஸில் வந்துவிட்டேன். வேறு விசேஷம் இல்லை. நீ அங்கேயே மீதிப் படிப்பைப் படிக்க வழி பார். இங்கே திரும்பி வர நினைக்காதே.

அப்பா


கிளீவ்லாந்து
1960 ஜூன் 20

கோரின்,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டே ஆரம்பிக்கிறேன், வழக்கத்தை விட வேண்டாம்.

அப்பா கடிதம் வந்ததும் நான் செய்ததைக் கேள். திருமதி காகின்ஸிடம் படித்துக் காட்டினேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், ஞாயிற்றுக்கிழமை சபை முழுவதற்கும் படிக்கவைத்தாள். வெள்ளைக்காரர்கள்கூட என் மகள் பெயருக்கு எழுந்தார்கள் என்று அலபாமாவிலிருந்து ஓர் அப்பா எழுதுகிறார்! சபையே துள்ளியது. சலவைக்கூடத்தில் 'பத்து வாரம்' என்ற பெயர் போய்விட்டது. மேஸ்திரி தொப்பியைத் தூக்குகிறார். ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை, கோரின்.

பிறகு உன் கடிதத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

ஒருவரும் அசையவில்லை என்கிறாய். எல்லாரும் எழுந்தார்கள் என்கிறார் அப்பா. கைதட்டவில்லை என்கிறாய். தட்டினார்கள் என்கிறார். அவரைப் பார்க்க முடியவில்லை என்கிறாய். நீ நேராக அவரைத்தான் பார்த்தாய் என்கிறார். அப்பா பொய் சொல்லி நீ பார்த்திருக்கிறாயா? அவருக்கு அதற்கு வேண்டிய கற்பனையே கிடையாது.

அப்புறம் அந்த ஆமென். என் பெயருக்கு யாரடி ஆமென் சொல்வார்கள்? கவர்னர் ஆபீஸ் ஆள் பார்க்கும்போது நிர்வாகக் குழு என் பெயருக்கு எழுந்து நிற்குமா? நின்ற பிறகு அதே வாரம் உனக்குக் கவுண்டிப் பள்ளிக்கூடத்தில் வேலை கொடுப்பார்களா? அப்பா கடிதத்தைப் பத்துத் தடவை படித்துவிட்டேன். "அந்த இடம் வந்தது" என்று இருக்கிறது. 'உன் பெயரைச் சொன்னாள்' என்று ஓர் இடத்திலும் இல்லை.

என்ன நடந்தது? அதை மட்டும் எழுது.

வெர்டெல்


1960 ஆகஸ்ட் 27

வெர்டெல்,

நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இரண்டு மாதமாகக் கடிதத்தை ஆரம்பித்துக் கிழித்துப் போடுகிறேன். இன்றைக்கு முடித்துவிடுகிறேன்.

நான் சொல்லவில்லை.

"எல்லாருக்கும் சொல்லிவிட்டேன், ஒருவரைத் தவிர" என்றேன். ஐந்தாவது வரிசையில் மாமா எழுந்து நின்றார். தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. ஞானஸ்நானம் எடுக்கப் போகிற பிள்ளை மாதிரி இருந்தார். நான் சொன்னேன், "நம் எல்லாரையும் இந்த நாள்வரை நடத்திவந்த ஆண்டவரைத் தவிர."

பின்னாலிருந்து ஒரு அம்மாள் "ஆமென்!" என்று கூவினாள். பெரியவர் ஒருவர் ஏற்கெனவே எழுந்து நிற்கிறார். பரிசுத்த ஆவி அவரை எழுப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். நம் சபை வழக்கம் உனக்குத் தெரியும், ஒரு மூப்பர் ஆண்டவர் பெயருக்கு எழுந்தால் மற்றவர்கள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். வரிசை வரிசையாக எழுந்தார்கள். முன்னால் இருந்த வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, உட்கார்ந்திருந்தால் மரியாதை இல்லை என்று அவர்களும் எழுந்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். மாமா சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு எல்லாரும் உட்கார்ந்தார்கள். அவர்தான் கடைசியில் உட்கார்ந்தார்.

வெளியே மரத்தடியில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை என்று எழுதியது பொய். ஏதாவது சொல்வார், அடிப்பார் என்றுகூட நினைத்தேன். "நல்லாப் பேசினே கோரின். தொண்டை வறண்டிருக்கும், தண்ணி குடி" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு அவர் வரவில்லை. அம்மாவுக்கு ஏன் என்று தெரியாது.

பயந்துவிட்டேன் என்று எழுதினால் நீ மன்னித்துவிடுவாய். ஆனால் அது பயம் இல்லை, அதனால்தான் இவ்வளவு நாள் எழுதவில்லை. வேறு வாக்கியத்தை ஒரு வாரம் முன்பே நெட்டுருப் போட்டு வைத்திருந்தேன். பிரின்சிபாலுக்காக இல்லை. வேலைக்காகவும் இல்லை, அது அப்புறம் வந்தது. முதல் வகுப்பிலிருந்து நீ முதல், நான் அடுத்தது. உன் பழைய உடுப்பு, உன் பழைய புத்தகம். பேச்சுகூட உன்னுடையது. மார்க் வரிசையில் அடுத்தவளே என்று நீ விளையாட்டுக்குத்தான் எழுதினாய். அந்த மேடையில் உன் பெயரைச் சொல்லியிருந்தால் அந்த ஒரு நாளும் உன் நாளாகியிருக்கும். நீ எழுநூறு மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு அங்கேயும் முதலாவதாக வந்திருப்பாய். எனக்கு ஒரு நாள் வேண்டியிருந்தது.

அதுவும் கிடைக்கவில்லை. எல்லாரும் அன்றைக்கு எழுந்து நின்ற பெரியவரைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

இனி எனக்கு எழுத மாட்டாய் என்று தெரியும். உடம்பைப் பார்த்துக்கொள்.

கோரின்


கிளீவ்லாந்து
1960 செப்டம்பர் 5

அன்புள்ள அப்பா,

உங்கள் இருமலுக்கு மருந்து வாங்கி அனுப்பியிருக்கிறேன், காலையும் மாலையும் ஒரு கரண்டி. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது.

கோரின் எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அந்த மாதிரி ஒரு கடிதத்தை எழுத உங்களுக்கு எத்தனை நாள் ஆயிற்றோ? என்னிடம் சொல்லியிருக்கலாம் அப்பா. நான் அதைச் சபையில் படித்துக் காட்டியிருக்க மாட்டேன்.

நேற்று சபையில் எழுந்து, அது அப்படி நடக்கவில்லை, அவர்கள் எழுந்தது எனக்காக இல்லை என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் திருமதி காகின்ஸ்தான் கேட்டாள்.

"உங்கப்பா எழுந்தாரில்ல?"

"எழுந்தார்."

"உன் பேருக்குத்தானே எழுந்தார்?"

"ஆமா."

"அது போதும் பிள்ளே. அதுக்கு மேல என்ன வேணும்?"

நல்ல மனசோடுதான் சொன்னாள். நானும் தலையாட்டினேன். உங்களுக்கும் அப்படியே எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அறுநூறு பேர் நடுவில் நீங்கள் ஒருவர் எனக்காக நின்றீர்கள், அது போதும் என்று எழுதி, அதை அடித்துவிட்டேன். போதவில்லை அப்பா. நீங்கள் எங்கே இருந்தாலும் எனக்காக எழுந்து நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும், அதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பட்டமளிப்பு விழா தேவையில்லை. என் பெயரைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் அந்த ஆலயத்தில் இருந்த மற்றவர்கள். கேட்காமலே எழுந்து, கைதட்டி, உட்கார்ந்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

கோரினை மன்னித்துவிட்டதாக ஒரு வரி எழுதும்படி ஹாட்டி அத்தை கேட்டு எழுதியிருக்கிறாள். என்ன தப்பு என்று தெரியாமலே கேட்கிறாள், பாவம். அந்த வரியும் எனக்கு வரவில்லை.

நீங்கள் அத்தை வீட்டுக்குப் போங்கள். என்னால் உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு இல்லாமல் போக வேண்டாம்.

உங்கள் மகள்,
வெர்டெல் பாக்கின்ஸ்